பயிர்க்காவல் துப்பாக்கி: சுட்ட அன்றே கழுவுதல்

உழுபடைகளைப் பேணும் விஷயத்தில் குடியானவர்களுக்கு ஒருவர் புத்தி சொல்ல வேண்டியதில்லை. கொழு தேய்ந்தால் கொல்லுலைக்குப் போகிறது. அரிவாள் மழுங்கினால் சாணைக்குப் போகிறது. நாள் முழுதும் சேற்றில் உழைத்த மண்வெட்டி வாய்க்காலிலேயே கழுவப்பட்டுத் தோளில் ஏறி வீடு வந்து சேர்கிறது. ஆனால் சில வீடுகளில் உள்ள ஒரு கருவிக்கு மாத்திரம் இந்த மரியாதை கிட்டுவதில்லை. பயிர்க்காவலுக்கென்று உரிமம் பெற்று வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியே அது. அதாவது, குழலின் வாய்வழியே கருமருந்தையும் அடைப்பையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கி. வருஷம் முழுவதும் அது மூலையில் சாத்தியிருக்கும்; ஆயுத பூஜையன்று எடுத்துத் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறும்; மறுநாள் மீண்டும் மூலைக்கே போய்விடும்.

இவ்வழக்கம் போதாது என்பது மாத்திரமன்று, அபாயகரமானது என்பதும் இங்கே எடுத்துக்காட்டப்படும். சுட்ட துப்பாக்கியைச் சுட்ட அன்றே தண்ணீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு வைத்தல் வேண்டும். அந்த அரைமணி நேர வேலைக்கு மனமில்லாதவர் அத்துப்பாக்கியை வைத்திருப்பதைவிட, முறைப்படி ஒப்படைத்துவிடுவதே அவர் வீட்டாருக்கும் அயலாருக்கும் நன்று.

திருத்தணிப் பக்கத்து நிலைமை

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளையும் ஏறி நின்று சுற்றிலும் நோக்குபவருக்கு இப்பக்கத்து விவசாயத்தின் தன்மை ஒரே பார்வையில் புலப்படும். ஒருபுறம் ஏரிப்பாசன நெல்லும் கரும்பும், மறுபுறம் மானாவாரி வேர்க்கடலைக் கொல்லைகள், இடையிடையே மாந்தோப்புகள், இவற்றைச் சூழ்ந்து, ஆந்திர எல்லை வரையிலும் அதற்கு அப்பாலும் தொடரும் குன்றுகளும் புதர்க்காடுகளும். கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு வரப்பே எல்லையாக இருக்கிறது. கடலை காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கி மூக்கால் மண்ணைக் கிளறிச் செடியோடு காயைத் தின்றுவிடுகின்றன. தின்பதைவிடப் பாழாக்குவது அதிகம். கரும்புத் தோட்டமோ அவைகளுக்குப் பகலில் ஒளிந்துகொள்ளும் இடமும் ஆகிவிடுகிறது. பரண் கட்டித் தகரம் தட்டியும், தீவட்டி காட்டியும், கூவியும் அலுத்த குடியானவர், ஓசைக்காகவேனும் ஒரு துப்பாக்கி வேண்டும் என்று எண்ணுவதில் வியப்பில்லை.

இப்பக்கத்து மழைக்காலத்தையும் இங்கே கருத வேண்டும். ஆயுத பூஜை புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ வருகிறது. அதன்பின் சிறிது நாட்களுக்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை துடைப்பவர், ஈரம் மிகுந்த இரண்டு மாதங்களுக்கு முன்னால் துடைத்துவிட்டு, அந்த ஈரத்திலேயே துப்பாக்கியைச் சுட்டு, அழுக்கோடு அடுத்த வருஷம் வரையில் விட்டுவைக்கிறார் என்றே ஏற்படுகிறது. துரு பிடிப்பதற்கு இதைவிட ஏற்ற ஏற்பாட்டை வேண்டுமென்றே யோசித்தாலும் செய்ய முடியாது.

கருமருந்து விடும் அழுக்கின் குணம்

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது கருமருந்து. அது வெடிக்கும்போது முழுவதும் புகையாய்ப் போய்விடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. நோபில், ஏபெல் என்னும் இரண்டு சாஸ்திரிகள் 1875-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, எரிந்த மருந்தின் எடையில் 100-க்கு ஏறக்குறைய 57 பங்கு திடப்பொருளாகவே நிற்கிறது, எஞ்சியதே வாயுவாகிறது. அத்திடப்பொருளில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பகுதி குழலின் உட்சுவரிலும், அடியிலும், நெருப்புத் துளையிலும் கருமையாய்ப் படிந்துவிடும்.

இப்படிவு வெறும் கரி அன்று. அதில் பெரும்பங்கு உப்புக்களே. அவற்றுள் முக்கியமானது பொட்டாசியம் கார்பனேட்டு. விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்தால் கிடைக்கும் காரமும் இதுவே. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே நீர்த்துப்போவது இதன் இயற்கை. மழைக்காலத்தில் திறந்துவைத்த உப்புச் சாடி எவ்வாறு கசிகிறதோ, அவ்வாறே சுட்ட குழலின் உட்புறமும் கசிகிறது. மற்றொரு பங்கு கந்தகம் சேர்ந்த உப்பு. ஈரம் பட்டவுடன் கூமுட்டை நாற்றம் எழுவது அதனாலேயே. இரவெல்லாம் இரும்பின் மேல் உப்புநீர் பூசிவைத்தால் விடியலில் என்ன காணப்படுமோ, கழுவாத குழலிலும் அதுவே காணப்படும். பழைய மாதிரிக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்திருந்ததால், அவை வெடித்தபின் சமையலுப்பைப் போலவே இரும்பை அரிக்கும் வேறோர் உப்பையும் விட்டுச்சென்றன.

ரவை இடாமல் ஓசைக்காக மாத்திரம் சுட்டாலும் அழுக்கு குறைவதில்லை என்பதைக் குறிப்பாய்க் கவனிக்க வேண்டும். அழுக்கு மருந்திலிருந்து வருவதேயன்றி ரவையிலிருந்து வருவதன்று. “வெறும் வெடிதானே போட்டது” என்று துடையாமல் வைப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

அழுக்கு எவ்வாறு உயிருக்கு உலையாகிறது

துருவால் துப்பாக்கி கெடுவது ஒரு நஷ்டம். அது பணத்தோடு போவது. பணத்தோடு போகாத நஷ்டமும் உண்டு. ஒரு குடும்பத்தில் இவ்வாறு நிகழ்வதாக வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை மாதத்து இரவில் கொல்லையில் பன்றியின் உறுமல் கேட்கிறது. குடியானவர் துப்பாக்கியைக் கெட்டித்து, குதிரையை ஏற்றி, விசையை இழுக்கிறார். கேப்பு மாத்திரம் பட்டென்று வெடிக்கிறது; மருந்து பற்றவில்லை. காரணம், சென்ற மாதத்து அழுக்கு நெருப்புத் துளையை அடைத்திருக்கிறது. இன்னொரு கேப்பு வைத்துப் பார்க்கிறார்; அதுவும் அவ்வாறே போகிறது. அதற்குள் பன்றிகள் ஓடிவிட்டன. அலுப்போடு வீடு திரும்பித் துப்பாக்கியைக் கதவோரம் சாத்திவிட்டுப் படுக்கிறார். குழலில் மருந்து அப்படியே இருக்கிறது. மறுநாள் அவர் வெளியூர் போகிறார். அதில் மருந்து இருப்பதை அறியாத தம்பியோ பிள்ளையோ எடுத்துப் பார்க்கிறான். புதிய கேப்பு ஒன்றை வைத்து விளையாட்டாய் விசையை இழுக்கிறான். முதல் நாள் இரண்டு முறை பற்றாத மருந்து மூன்றாம் முறை பற்றிவிடுகிறது.

இவ்வாறு நேர்வதற்குப் பெரிய குற்றம் ஒன்றும் வேண்டுவதில்லை. ஒரு மாதத்துக்கு முந்திய ஓர் இரவின் சோம்பல் போதும். அடைபட்ட துளையால் மருந்து தாமதித்துப் பற்றுவதும் உண்டு. விசையை இழுத்தும் வெடிக்காத துப்பாக்கியை உடனே முகத்துக்கு நேரே திருப்பிப் பார்ப்பவர் அத்தாமதத்துக்குப் பலியாகக்கூடும். ஆகையால் வெடிக்காதபோது குழலின் வாயை ஆளில்லாத திக்கிலேயே நிறுத்தி, குறைந்தது ஒரு நிமிஷமாவது பொறுத்திருத்தல் வேண்டும். அன்றியும், அழுக்குத் தடித்த குழலில் அடைப்பு நடுவழியிலேயே சிக்கி, மருந்துக்கும் அதற்கும் இடையே வெற்றிடம் விட்டுவிடும். அந்நிலையில் சுட்டால் குழல் வீங்கவோ வெடிக்கவோ ஏதுவாகும். குழலின் உட்புறத்தில் மரையிட்ட ரைபிள் வகையாயின், மரைகளில் அழுக்குத் தங்குவதால் இத்தொல்லை இன்னும் மிகுதி.

தவறான வழக்கங்கள்

தண்ணீரைக் கண்டு பயப்படுவது முதல் தவறு. “இரும்புக்குத் தண்ணீர் பகை, எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும்” என்பது பலருடைய கொள்கை. உப்பு தண்ணீரில் கரையும். எண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் கரையாது. அழுக்கின் மேல் எண்ணெய் தடவுவது, சேற்றுக் காலில் செருப்பை மாட்டிக்கொள்வது போல்வதாம். அழுக்கு மறையுமேயன்றிப் போகாது. எண்ணெய்க்கு அடியிலிருந்தே இரும்பைத் தின்னும். வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகள் வழங்கிய காலத்துப் பட்டாளங்களிலும் குழலைத் தண்ணீரால் கழுவுவதே விதியாக இருந்தது. தண்ணீர் இரும்புக்குப் பகையாவது, கழுவியபின் உலர்த்தாமல் விடும்போதுதான்.

இரண்டாவது தவறு, பூஜைப் பாத்திரத்துக்குச் செய்யும் உபசாரத்தைத் துப்பாக்கிக்கும் செய்வது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி பூசித் தேய்த்தால் பளபளக்கும். அதே புளி இரும்பில் பட்டால் அதன் புளிப்பு துருவுக்கு வழி செய்யும். செங்கற்பொடி, மணல், உப்புத்தாள் இவற்றால் தேய்ப்பதும் கூடாது. பல வருஷம் அவ்வாறு தேய்த்த குழலின் கனம் குறைந்து, வெடியின் வேகத்தைத் தாங்கும் பலம் போய்விடும்.

மூன்றாவது, ஆயுத பூஜையன்று இட்ட ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்படியே காயவிடுவது. பூஜை செய்வதில் யாதொரு பிழையும் இல்லை. மறுநாட் காலையில் பொட்டை ஈரத்துணியால் நீக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டுவிட வேண்டும். இல்லாவிடில் பொட்டிட்ட இடத்திலேயே முதற்புள்ளித் துரு தோன்றும். துப்பாக்கிக்குத் திருவிழாவே எடுப்பவர் குடகு நாட்டார். நாற்று நடவு முடிந்தபின் ஆவணி மாத வாக்கில் வரும் கைல்போளுது என்னும் பண்டிகையில், அவர்கள் குடும்பத் துப்பாக்கிகளையும் கத்திகளையும் துலக்கிப் பூச்சூட்டி வணங்குகின்றனர். ஆயுதத்துக்கு மரியாதை செய்வது நல்ல வழக்கமே. ஆயினும் ஒருநாள் மரியாதை எஞ்சிய நாட்களின் அசட்டைக்கு ஈடாகாது.

கழுவும் முறை

முதலாவதாக, குழலில் மருந்து இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. குழல் காலியாய் இருக்கும்போது கெட்டிக்கும் கோலை அடிவரை விட்டு, வாயோடு ஒட்டிய இடத்தில் கோலின்மேல் ஒரு கீறல் இட்டுவைக்க வேண்டும். பின் எப்பொழுது கோலை விட்டாலும் அக்கீறல் வாய்க்கு நேரே நின்றால் குழல் காலி. வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அறியலாம். துப்பாக்கியைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு முறையும் இச்சோதனை நடக்க வேண்டும். கேப்பு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் அருகில் இருத்தலாகாது. மருந்துச் சாடியை வேறு இடத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

இரண்டாவதாக, குழலைக் கட்டையினின்றும் கழற்றக்கூடிய மாதிரியாயின் கழற்றிக்கொள்ளலாம். கேப்பு வைக்கும் முளையை அதற்குரிய சாவியால் திருகி எடுத்து, ஒரு கிண்ணம் வெந்நீரில் போட்டுவைக்க வேண்டும். பிறகு குழலின் அடியை ஒரு வாளித் தண்ணீருக்குள் நிறுத்தி, கோலின் நுனியில் துணியைச் சுற்றி வாய்வழியே விட்டு மேலும் கீழும் இழுக்க வேண்டும். பீச்சாங்குழல் போல நெருப்புத் துளையின் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறியும் வெளியே பாய்ந்தும் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். முதலில் வருவது மை போல இருக்கும், நாற்றமும் எழும். தண்ணீரை மாற்றி மாற்றித் தெளிந்து வரும்வரை இதைச் செய்ய வேண்டும். சிறிது சவுக்காரம் சேர்த்தால் வேலை விரைவில் முடியும். கழற்ற முடியாத துப்பாக்கியாயின், விசைப்பொறிக்குள்ளும் கட்டைக்குள்ளும் நீர் புகாதபடி குழலைச் சாய்த்துப் பிடித்து, நனைந்த துணிகளை ஒன்றன்பின் ஒன்றாய் விட்டு, அழுக்கு வராமல் நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

மூன்றாவதாக, நன்றாய்க் கொதித்த வெந்நீரை ஒருமுறை குழலில் ஊற்றி வடித்துவிட வேண்டும். இரும்பு சூடேறுவதால் எஞ்சிய ஈரம் தானே ஆவியாகிவிடும். குழலைத் துணியால் பிடித்துக்கொள்ளாவிடில் கை வெந்துபோகும். சூடு ஆறுவதற்குள் உலர்ந்த துணிகளை விட்டுத் துடைத்து, சூடு சற்றே இருக்கும்போதே எண்ணெய் தடவுதல் வேண்டும். தாமதித்தால் சுத்தமான இரும்பில் மெல்லிய செந்துரு படர்ந்துவிடும்.

எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. வீட்டில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் எப்பொழுதும் உண்டு என்பதால் அவற்றையே தடவுவது இப்பக்கத்து வழக்கம். அவை நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுத்துப் பொறியை இறுக்கிவிடும். தையல் மிஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயே நெடுநாள் வைப்புக்கு ஏற்றது. குழலின் உள்ளே எண்ணெய் பூசினது போல இருக்க வேண்டுமேயன்றித் தேங்கியிருக்கலாகாது; தேங்கிய எண்ணெய் அடியில் இறங்கி நெருப்புத் துளையை அடைக்கும். மறுபடி கெட்டிக்கும் முன் உலர்ந்த துணியால் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிடில் மருந்து நனைவதோடு, எண்ணெயும் மருந்தும் சேர்ந்து எரிந்து தார் போன்ற அழுக்காகும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் சிறிது தேய்க்கலாம்.

நான்காவதாக, கேப்பு முளையின் துளையை மெல்லிய கம்பியால் குத்தித் துலக்கி, உலர்த்தி, மரையில் சிறிது கொழுப்பு அல்லது மெழுகு தொட்டு முன்போல் திருகிவிட வேண்டும். குதிரையின் முகத்தையும் பொறியின் வெளிப்புறத்தையும் ஈரத்துணியாலும் பின் உலர்ந்த துணியாலும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் இட்டால் போதும்.

ஐந்தாவதாக, மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். துணி வெள்ளையாய் வந்தால் வேலை முடிந்தது. செம்மை கண்டால் உப்பு இன்னும் போகவில்லை என்று பொருள். முதலிலிருந்து மறுபடியும் செய்ய வேண்டும். சுடாத காலத்திலும் மாதத்துக்கு ஒருமுறையும், அடைமழைக் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையும் இச்சோதனை அவசியம். துணி உறைக்குள் போட்டு வைப்பது நன்றன்று. துணி ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு அணைத்து வைத்துவிடும்.

குழியாகத் துரு பாய்ந்த குழலையும், மூட்டு விட்ட குழலையும், தளர்ந்த முளையையும் சுடலாகாது. அவற்றை வீட்டிலோ ஊர்க்கொல்லனிடத்திலோ செப்பனிடுவதும் கூடாது. துப்பாக்கியைச் செப்பனிடும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு. உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமே கொண்டுபோக வேண்டும்.

மருந்தும் அடைப்பும்

கருமருந்தின் வேகம் இப்பக்கத்து மண்ணுக்குப் புதிதன்று. திருத்தணிக்குத் தெற்கே, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி நடந்த சண்டையில், கர்னல் பெய்லியின் படையிலிருந்த மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன; ஹைதர் அலி, திப்பு இருவருடைய வெற்றிக்கும் அது ஒரு பெருங்காரணமாயிற்று. பட்டாளத்தின் காவலுக்குள் இருந்த மருந்துக்கே இந்தக் கதி நேர்ந்ததென்றால், அடுப்பங்கரைப் பரணில் தகர டப்பாவில் வைத்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து உலர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக அடுப்புக்கு மேலே வைப்பதும், நனைந்ததை ஓட்டில் இட்டு வறுப்பதும், வெயிலில் பரப்பிவிட்டுப் போவதும் உயிரோடு விளையாடுவதாகும். நனைந்து கெட்ட மருந்தை மீட்க முயலாமல், நிறையத் தண்ணீரில் கொட்டிக் கரைத்துவிடுவதே சரி. நல்ல மருந்து மூடிய பாத்திரத்தில், நெருப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில், துப்பாக்கியினின்றும் தனியே பூட்டி வைக்கப்பட வேண்டும்.

பட்டாசைப் பிரித்து எடுத்த மருந்தைக் குழலில் இடுவதைப் போன்ற மூடத்தனம் வேறில்லை. ஓசைப் பட்டாசில் அலுமினியத் தூள் முதலியன சேர்ந்திருப்பதால் அது கருமருந்தைவிட மிகக் கடுமையாய் வெடிக்கும். தோட்டாவிலிருந்து எடுத்த புகையில்லா மருந்தும் அவ்வாறே; அதன் அழுத்தத்தைப் பழைய குழல் தாங்காது. மருந்தைத் தாமே செய்வது வெடிபொருட் சட்டத்துக்கு விரோதம். உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குவதே முறை.

ஒருமுறை சுட்டவுடனே மறுமுறை கெட்டிக்கும்போது குழலின் அடியில் கனல் தங்கியிருக்கலாம். ஆகவே ஈரத்துணியை ஒருமுறை விட்டெடுத்து, பின் உலர்ந்த துணியால் துடைத்தபின்பே மருந்து இடவேண்டும். மருந்துச் சாடியை நேரே குழல்வாயில் கவிழ்க்காமல், ஒரு சிறு அளவையில் எடுத்து இட்டால், தப்பித் தவறிப் பற்றினாலும் அளவையோடு போகும். சாடி முழுதும் கையில் வெடிக்காது. அடைப்பாக இடும் தேங்காய் நாரும் துணியும் கனன்றுகொண்டே வெளியே விழுவதுண்டு. மாசி பங்குனியில் கடலைக்கொடிப் போரும் வைக்கோற்போரும் காய்ந்து கிடக்கும் களத்தருகே சுட்டு, பன்றிக்குத் தப்பிய மகசூலை நெருப்புக்குக் கொடுத்தலாகாது.

சட்டமும் கிராம அதிகாரிகளும்

பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் அளிப்பதைப் பற்றி 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு தனியே கூறுகிறது. ஆனால் உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்குமே. மிருகத்தைச் சுடுவதற்கு அன்று. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பயிருக்குக் கேடு செய்யும் விலங்காயினும் உரிய வன அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவின்றிச் சுடலாகாது. காட்டுப்பன்றியைப் பற்றித் தமிழ்நாட்டு ஸர்க்கார் 2025-ம் வருஷம் ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றிகளைச் சுடும் வேலை வன இலாகாவினரிடமே விடப்பட்டது. மயிலைச் சுடுவது மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறைக்கு இடமாகும். ஆகவே குடியானவர் கையில் உள்ள துப்பாக்கி பெரும்பாலும் ஓசை செய்யும் கருவியே என்று கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் துப்பாக்கியே எதற்கு, வேலியும் சூரிய மின்வேலியும் போதாவா என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. பலர் சேர்ந்து அடைத்த நல்ல வேலி, ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கியைவிட மேலான காவல் என்பதில் ஐயமில்லை. வேலி வந்தபின் துப்பாக்கியை விட்டுவிடுவோர் புத்திசாலிகள். அது வரும்வரை வைத்திருப்போர் செவ்வையாய் வைத்திருக்க வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

திருத்தணி வட்டாரம் 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் சொத்தும் உறவும் இருபுறமும் கலந்தே இருக்கின்றன. உரிமத்தில் குறித்த எல்லையைக் கடந்து, அப்பால் உள்ள நிலத்துக்கென்று துப்பாக்கியை எடுத்துச் செல்வது குற்றம் என்பதை எல்லையோரக் குடியானவர்கள் மறக்கலாகாது.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவி இரண்டு உண்டு. தேர்தல் காலங்களில் உரிமத் துப்பாக்கிகள் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்படுகின்றன. வாரக்கணக்கில் அங்கே கிடந்து திரும்புகின்றன. அழுக்கோடு ஒப்படைத்தது துருவோடுதான் திரும்பும். ஒப்படைக்குமுன் கழுவி எண்ணெயிடும்படியும், திரும்பியதும் குழலைச் சோதிக்கும்படியும் உரிமக்காரருக்கு ஒரு சொல் சொல்லலாம். மற்றொன்று இதனினும் முக்கியம். உரிமக்காரர் காலமானால், ஈமக்கடன்களின் இடையே மூலையில் இருக்கும் துப்பாக்கியை யாரும் நினைப்பதில்லை. உரிமம் இல்லாத கையில் அது இருப்பது குற்றம். தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதைப் பக்குவமாய் எடுத்துச் சொல்லி உடன் சென்று ஒப்படைக்கச் செய்வது, அக்குடும்பத்துக்குச் செய்யும் பேருபகாரம். அவ்வாறு கைமாறும் துப்பாக்கியில் பழைய மருந்து இருக்கக்கூடும் என்பதால், இருப்பதாகவே எண்ணிக் கையாளுவதும், அதைத் தாமே எடுக்க முயலாமல் போலீஸாருக்கு முதலில் தெரிவிப்பதும் அறிவுடைமை.

முடிவு

ஒரு வாளித் தண்ணீர், சிறிது சவுக்காரம், கொஞ்சம் கந்தல் துணி, நான்கு சொட்டு மிஷின் எண்ணெய், அரைமணி நேரம்: இவ்வளவே செலவு. இதைக் கொடுக்கத் தயங்கினால் குழலும், உரிமமும், ஒருவேளை வீட்டில் ஓர் உயிரும் கொடுக்க வேண்டிவரும். கெட்டித்த துப்பாக்கி வீட்டுப்படி ஏறலாகாது. சுட்ட துப்பாக்கி கழுவாமல் இரவைக் கழிக்கலாகாது. இவ்விரண்டு விதிகளையும் ஒரு குடும்பம் கைக்கொண்டால், ஆயுத பூஜையன்று அத்துப்பாக்கிக்குப் பொட்டிடும்போது துலக்க வேண்டிய துரு ஒன்றும் அதில் இராது.